பானெட்டுக்கு அந்தப் பக்கம்

"ரேஸ் குடுங்க" என்று பானெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சென்னியப்பன் கத்தினான். திருமூர்த்தி ஆக்சிலேட்டரை மிதித்தான். இஞ்சின் உறுமியது, உறுமலுக்கு நடுவே அந்தச் சத்தமும் எழுந்தது, மூடிய டப்பாவுக்குள் கல்லைப் போட்டு யாரோ ஆட்டுவதுபோல, கொஞ்சமும் கூச்சமில்லாமல். கேளு, நல்லாக் கேளு என்று அவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டது மெக்கானிக்குக்காக இல்லை, மெக்கானிக்குக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்த தனசேகருக்காக. தங்கச்சி புருஷன். இந்தப் பழைய காரை இவன் தலையில் கட்டிவிட்டு ஒன்றும் அறியாத பிள்ளைபோல நிற்கிற மகராசன். "உட்ருங்க, உட்ருங்க" என்றான் சென்னியப்பன். காலை எடுத்தான். சத்தம் அடங்கியது. பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு உலகமே சாம்பல் நிறத் தகரம்தான். அதன் அடியில் சின்னதாக ஓர் இடைவெளி. அதில் தனசேகரின் பெல்ட் பக்கிள் மட்டும் தெரிந்தது, பளபளவென்று துடைத்து வைத்த பக்கிள். அந்தப் பக்கத்தில் இரண்டு பேரும் ஏதோ முணுமுணுத்தார்கள், சென்னியப்பன் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான்? இஞ்சினைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது? காதில் ஏதாவது ஓதியிருப்பான் தனசேகர், சும்மா டேப்பெட்டுன்னு சொல்லி அனுப்பி வையுங்க, எங்க மச்சான் ஒரு சந்தேகப் பிராணி என்று. உடுமலையிலேயே தனசேகருக்குப் பழக்கமில்லாத பட்டறை எது என்று தேடித் தேடித்தான் இங்கே வந்தது. வந்து என்ன, அவன் யாரோடும் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் சொந்தக்காரனாகிவிடுவான். இருக்கட்டும். இன்றைக்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். இஞ்சினில்தான் கோளாறு என்று மெக்கானிக் வாயால் வந்துவிட்டால், சாவியை இந்த எண்ணெய்த் தரையில் தனசேகர் காலடியில் வீசிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போவது. தை மாதம் தங்கச்சி ரேணுகா பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் குத்துவார்கள் என்று பார்த்துவிடலாம். சொந்தபந்தம் எல்லாம் பந்தலில் உட்கார்ந்திருக்க மடி காலியாக இருக்கட்டும். அந்த வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை. தங்கச்சி அழுவாளே என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. அழட்டும், அவளும் அந்த வீட்டு ஆள்தானே என்று அதைத் தள்ளிவிட்டான்.

"இன்னொருக்கா குடுங்க, மெதுவா." மெதுவாக மிதித்தான். மெதுவாக மிதித்தால் சத்தம் வராது, அதுதான் இந்தச் சனியனின் குணம். கொஞ்சம் ஏற்றினால் வரும், இன்னும் ஏற்றினால் கரைந்துபோகும், நடுவில் ஓர் இடத்தில் மட்டும் நின்றுகொண்டு நச்சரிக்கும். முதல்முதலாக அது கேட்டது வண்டியை எடுத்து வந்த அன்றைக்கே, ரயில்வே கேட்டைத் தாண்டி வண்டி குலுங்கி இறங்கியபோது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. யாராவது ஒரு காரைப் பார்க்காமல் வாங்குவார்களா? சந்தையில் வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற ஆள் அவன். ஆனால் மாப்பிள்ளை வீட்டு வண்டிக்கு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா? கூட்டிப் போனால், உங்கள் வார்த்தையில் நம்பிக்கை இல்லை என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்ன மாதிரி. அவன் முகம் கோணினால் அந்தக் கோணல் நேரே நம் வீட்டுப் பெண் மேல்தான் போய் விடியும். பெண்ணைக் கொடுத்த வீட்டில் குனிந்துதான் நிற்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்களோ, அவர்கள் நாசமாய்ப் போக. பானெட்டைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. தனசேகர் சாவியைத் தட்டில் வைத்து வெற்றிலை பாக்கோடு நீட்டினான். இவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். தேங்காய் சுற்றி உடைத்தபோது தனசேகரின் அம்மா நடையில் வந்து எட்டிப் பார்த்தாள், வெள்ளைச் சேலையும் மொட்டைக் கையுமாக. "அம்மா, நீ உள்ள போ, வண்டி கெளம்பட்டும்" என்று தனசேகர் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். கிழவி போய்விட்டாள். தாலியறுத்தவள் எதிரே வரக்கூடாதாம், பெற்ற தாயாக இருந்தாலும். அன்றைக்கு அதைக்கூட இவன் தப்பாக நினைக்கவில்லை, பரவாயில்லை, நம் வண்டிக்கு நல்லது நினைக்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டான். "எங்கய்யன் இருந்து இந்த வண்டியப் பாத்திருக்கோணுமுங்க மச்சான். காரியம் முடிஞ்ச வருஷந்தான் எடுத்தேன். அவருக்கு ஒருநாளாச்சும் முன்னால உக்காரக் குடுத்து வைக்கல" என்று கண் கலங்கினான் தனசேகர். அந்தக் கண்ணீருக்கும் சேர்த்துத்தான் விலை போட்டிருக்கிறான் என்று இப்போது தெரிகிறது. சத்தத்தைப் பற்றி முதல் தடவை போனில் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "எங்கிட்ட இருந்த வரைக்கும் மூச்சு விடலீங்க மச்சான் அது. ஓட்டற கையப் பொறுத்ததுங்க." ஓட்டற கையப் பொறுத்தது. அந்த வார்த்தை அன்றிலிருந்து தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக நிற்கிறது. சோறு உருட்டி விழுங்கினாலும் போகவில்லை.

"டேப்பெட்டாத்தான் இருக்கோணுமுங்க" என்றான் சென்னியப்பன். பார்த்தாயா, சொன்னேனே! திருகை முடுக்கினால் தீர்கிற சில்லறைக் கோளாறு. திருமூர்த்தி ஜன்னல் வழியே தலையை நீட்டி, "டேப்பெட் சத்தம் எனக்குத் தெரியாதுங்களா? இது அதில்லைங்க" என்றான். "அட, நான் பாக்காத டேப்பெட்டா? இந்தக் காதுல எத்தன வண்டி கத்தியிருக்குது" என்று சென்னியப்பன் பெருமை பேசிக்கொண்டே நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தான். அதன் முனையை இஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். அவன் குனிந்ததும் இடைவெளியில் அவனுடைய எண்ணெய்ச் சட்டை வந்து பக்கிளை மறைத்தது. ரேஸ் குடுங்க. குடுத்தான். ஆலை எடைமேடையில் கரும்பு லாரி ஏறும்போது இப்படித்தான் திருமூர்த்தி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். லாரிக்காரன் இறங்காமல் நைசாக உள்ளேயே உட்கார்ந்திருக்கிறானா, கட்டுக்கு நடுவே ஈரச்சோகை திணித்திருக்கிறதா, அடியில் மண் கிடக்கிறதா, எல்லாம் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். திருட்டுப் பயலுக்குக் கழுத்தே தனியாக இருக்கும், ஒரு பக்கமாகச் சாய்ந்து. இவன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு லாரி போனதில்லை. 'எடைமேடைக்காரன் பொணத்தையும் நிறுத்துத்தான் எரிக்க விடுவான்' என்று ஆலையில் பின்னால் பேசுகிறார்கள், பேசட்டும். அப்படிப்பட்டவன் கண்ணில் தங்கச்சி புருஷன் மண்ணைத் தூவிவிட்டான் என்று நினைத்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? பொண்டாட்டி ஜோதியிடம் சொன்னால், "எனக்கொண்ணும் கேக்கலைங்க, நீங்களாத்தான் கேட்டுட்டே இருக்கறீங்க" என்கிறாள். அவள் பின் சீட்டில் குழந்தைகளோடு உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தால் என்ன கேட்கும்? இப்போது ராத்திரிப் படுக்கையிலும் அவனுக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. அதை ஜோதியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுவாள்.

சட்டைப் பையில் போன் நடுங்கியது. எடுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை, பார்த்தான். ரேணுகா. காலையிலும் அடித்தாள், எடுக்கவில்லை. நேற்றும். புருஷனுக்கு வக்காலத்து வாங்க வருகிறாள். எங்க ஊட்டுக்காரரப் பட்டறைக்கெல்லாம் இழுத்துட்டுப் போறீங்களாமே, நாலு பேர் பாத்தா என்னுங்ணா நெனப்பாங்க என்று ஆரம்பிப்பாள். போனைக் கவிழ்த்துப் பக்கத்துச் சீட்டில் போட்டான். அது சீட்டின் மேலேயே கொஞ்ச நேரம் நடுங்கி ஓய்ந்தது. இவள் மட்டும் யோக்கியமா? வண்டியைக் கொடுப்பது என்று பேச்சானபோது தனியாகப் போன் பண்ணி, "அந்த வண்டி வேண்டாமுங்ணா. வேற ஏதாச்சும் பாருங்க" என்றாள். "ஏன் அம்மணி, வண்டியில என்ன?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்ணா, சும்மாதான்" என்றாள். சும்மாவாம். அண்ணன்காரன் கார் வாங்கினால் அவளுக்கு என்ன? ஆலை வேலைக்காரனுக்கு எதற்குக் கார் என்று நினைப்பு. கட்டிக்கொடுத்த இடம் கொஞ்சம் வசதியான இடம், கார், மாடி வீடு, தோட்டத்தில் இரண்டு போர்க் கிணறு. அதற்குள் பிறந்த வீட்டு ஆள் பஸ்ஸில்தான் வரவேண்டும் என்று தோன்றிவிட்டது. அந்த ஆத்திரத்திலேயே தனசேகரிடம் மறுநாள் சரி என்று சொன்னான், இல்லாவிட்டால் இன்னும் யோசித்திருப்பான். சாவி வாங்கிய அன்று ஒரு சுற்றுக் கூட்டிப்போகிறேன் வா என்று முன் கதவைத் திறந்துவிட்டால் அவள் அந்தச் சீட்டை ஒரு தடவை பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் பின் கதவைத் திறந்து பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் முன்னால் தனியாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு டிரைவர் மாதிரி. முதலாளியம்மா பின்னால். கோயில் வரை அவன் கண்ணாடியில்கூட அவளைப் பார்க்கவில்லை. எப்படி இருந்த பெண்! ஆலைக் குடியிருப்பில் ஒற்றை அறை, நடுவே தட்டி. மாரியம்மன் நோன்பிக்கு நோன்பி இரண்டு கையும் கொள்ளாமல் கண்ணாடி வளையல் போட்டுக்கொள்வாள். பாத்திரம் தேய்த்தால் சத்தம், தலை வாரினால் சத்தம், தூக்கத்தில் புரண்டால் சத்தம். பரீட்சைக்குப் படிக்கிறவன் தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து, அந்தக் கருமத்தக் கழட்டி எறியறியா இல்லியா என்று கத்துவான். கழற்ற மாட்டாள். முழங்கைக்கு ஏற்றி இறுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வேலை செய்வாள். கல்யாணமாகிப் போன பிறகும் இவன் அந்த வீட்டுக்குப் போனால், வாங்கண்ணா என்று சொல்லும்போதே வளையலை மேலே ஏற்றிவிடுவாள், பழக்கம். இப்போது அதுவும் இல்லை. வெறும் கை. கேட்டால், "வேலைக்கு எடைஞ்சலா இருக்குதுங்ணா" என்கிறாள். காசு வந்தால் கண்ணாடி வளையல் பட்டிக்காடாகத் தெரிகிறது போல. மணிக்கட்டு மறைகிற மாதிரி முழுக்கை ஜாக்கெட் வேறு, இந்த வேகாத வெயிலில். போன மாசி நோன்பிக்குக் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள், பாத்ரூமில் வழுக்கிவிட்டதாம். பார்த்து நடக்கத் தெரியாதா, ஊட்டுல அத்தன டைல்ஸ் எதுக்கு என்று இவன்தான் நாலு பேர் முன்னால் திட்டினான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் ஒரு பணக்காரத்தனம் இருந்ததாக இவனுக்கு அன்றைக்குத் தோன்றியது.

"இஞ்சின்ல இல்லீங்க" என்று சென்னியப்பன் நிமிர்ந்தான். திருமூர்த்தி ஜன்னல் வழியே தலையை நீட்டினான். இத்தனை நாளாகத் தீட்டி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாய்க்குள்ளேயே மழுங்கிவிடும் போல. சாவியை எப்படி வீசுவது, வீசும்போது 'மாப்ள' என்று சொல்லி வீசுவதா பெயரைச் சொல்லி வீசுவதா என்பது வரை யோசித்து வைத்திருந்தான். "நல்லாப் பாருங்க. அடியில இருக்கும்" என்றான். குரல் கெஞ்சுவதுபோல் வந்தது அவனுக்கே கேட்டது. "மவுண்டிங்கா இருந்தாலும் இருக்குமுங்க, சித்த இருங்க" என்று சென்னியப்பன் தனக்குத் தெரிந்த அடுத்த பேரைச் சொன்னான். இஞ்சினைத் தாங்குகிற ரப்பர் கட்டைகளைக் கம்பி விட்டு நெம்பிப் பார்த்தான், அதிலும் இல்லை. சைலன்சரைச் செருப்புக் காலால் உதைத்துப் பார்த்தான். பிறகு பானெட்டைத் தடாலென்று இறக்கினான். உலகம் திரும்ப வந்தது: வேப்பமரம், டயர் குவியல், டீக்கடைக் கண்ணாடி டம்ளர் கையில் தனசேகர். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய்கூடப் படாமல் நின்றிருந்தான். "நாந்தான் சொன்னனே மச்சான்" என்றான், சிரித்த முகமாக. சத்தமாகச் சொல்லவில்லை, பட்டறைக்காரனுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னான். "மச்சானுக்கு எப்பவும் மனசுக்குள்ளயே ஒரு சத்தம் கேட்டுட்டு இருக்குமுங்க." சென்னியப்பன் பல்லைக் காட்டினான். திருமூர்த்தியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இறங்கிப் போய் அந்த டம்ளரைத் தட்டிவிடலாம். தட்டிவிட்டால் சட்டை கறையாகும். அந்த வெள்ளைச் சட்டையில் டீக்கறை படிகிற காட்சி மனதில் வந்து கொஞ்ச நேரம் குளிர்ச்சியாக நின்றது. ஆனால் தட்டிவிடவில்லை. "உள்ள உக்காந்து கேளுங்க. வெளிய நின்னா எப்படிக் கேக்கும்?" என்று சென்னியப்பனிடம் எரிந்து விழுந்தான்.

சென்னியப்பன் சுற்றி வந்து இடது பக்கக் கதவைத் திறந்து, போனை எடுத்து டேஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு, எண்ணெய்க் கையோடு பொத்தென்று உட்கார்ந்தான். சீட்டு உறையில் கறுப்பாகக் கை பதிந்தது. ஒன்றும் சொல்ல முடியாது, கூப்பிட்டது இவன்தானே. "குடுங்க." குடுத்தான். உள்ளே இருந்து கேட்டால் வேறு மாதிரி இருந்தது. பக்கத்தில், முழங்காலுக்கு முன்னால். சென்னியப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டான், பொறுமை போய் டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விட்டான். சத்தம் நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடியும் மெல்ல ஆரம்பித்தது, இடம் மாறி, கொஞ்சம் சன்னமாக. "அட இவனே! இதுக்குள்ளயா குந்தியிருக்கறே" என்று சென்னியப்பன் இடது ஓரத்து ஏசி வாய்க்குக் கிட்டே காதைக் கொண்டுபோனான். அந்த வாயில் காற்றைத் திருப்புகிற பட்டைகளில் ஒன்று உடைந்திருக்கும். அதையும் இவன் முதல் நாளே பார்த்துக் கணக்கில் வைத்திருந்தான், கேட்டதற்குத் தனசேகர், பழைய வண்டின்னா அப்படித்தானுங்க மச்சான் என்று தள்ளிவிட்டிருந்தான். "ஒடைஞ்சது உள்ள உழுந்து கெடக்குதாட்டங்குது. டப்பாவக் கழட்டி உள்ள கை உட்டாத் தெரிஞ்சு போயிரும்" என்று சென்னியப்பன் ஸ்க்ரூடிரைவரைத் தேடினான். அப்போதுதான் தனசேகர் டம்ளரோடு ஜன்னலுக்கு வந்தான். "போச்சாது உடுங்க. டேஷ்போர்டுல கைய வெச்சா அப்பறம் லாக்கே நிக்காது. இஞ்சின்ல இல்லைன்னு தெரிஞ்சுதுல்ல, அது போதும்" என்றான். சிரிப்பு முகத்தில் இருந்தது, ஆனால் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எடைமேடையில் பார்த்துப் பார்த்துப் பழகிய சாய்வு. திருமூர்த்திக்கு உடம்பெல்லாம் தேன் பாய்ந்தது. வாடா மகனே, மாட்டினாயா! வண்டி எங்கோ மோதியிருக்கிறது, டேஷ்போர்டை மாற்றிப் பூசி மெழுகி விற்றிருக்கிறான், கழற்றினால் வெளுத்துவிடும், அதுதான் பதறுகிறான். "நீங்க கழட்டுங்க" என்றான், சென்னியப்பனிடம். ஒவ்வொரு எழுத்தையும் ருசித்துச் சொன்னான். "லாக்கு நிக்காட்டிப் போகட்டும். கழட்டுங்க."

சீட்டுக்கு எதிரே சாமான் போட்டு வைக்கிற அந்த டப்பா கழன்று வந்தது. அதற்குப் பின்னால் காற்று போகிற பிளாஸ்டிக் குழாய். அதை இழுத்து எடுத்துச் சென்னியப்பன் மடியில் ஒரு பழைய பேப்பரை விரித்துக் கவிழ்த்துத் தட்டினான். முதலில் தூசி விழுந்தது, பிறகு உடைந்த கறுப்புப் பட்டை, பிறகு பச்சை பச்சையாக என்னவோ உதிர்ந்தது. கண்ணாடி. வளையல் துண்டுகள், பச்சையில் தங்கப் பொட்டு வைத்தவை, சிலது நகத்தளவு, ஒன்று பாதி நிலா அளவு. நிறைய இருந்தன. ஒரு வளையல் உடைந்தால் இத்தனை துண்டு விழாது. "அடக் கருமமே! இதுக்கா இஞ்சினையே எறக்கலாம்னு பாத்தேன்" என்று சென்னியப்பன் வாய்விட்டுச் சிரித்தான். திருமூர்த்திக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான். மோதின வண்டி இல்லை, பூசி மெழுகவில்லை. வளையல். வெறும் வளையல். ஜன்னலில் தனசேகர் குனிந்து பேப்பரைப் பார்த்தான், யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே, "அம்மாவுதா இருக்குமுங்க மச்சான்" என்றான். "கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனப்ப கதவுல பட்டு ஒடைஞ்சிருக்கும்." சரி என்று தலையை ஆட்டப் போனான் திருமூர்த்தி. ஆட்டப் போன தலை பாதியில் நின்றுவிட்டது. எந்த அம்மா? வெள்ளைச் சேலையோடு நடையில் வந்து எட்டிப் பார்த்து, திரும்பிப் பார்க்காமலே உள்ளே விரட்டப்பட்டாளே, அந்த அம்மாவா? இந்த வண்டி வருவதற்கு முந்தியே அவள் கை மொட்டைக் கையாகிவிட்டதே, பச்சை வளையல் போட்டுக்கொண்டு அவள் எந்தக் கோயிலுக்குப் போனாள்? காரியம் முடிஞ்ச வருஷந்தான் எடுத்தேன் என்று சொன்னவன் இவனேதானே. ரேணுகாவோடது, கை இடிச்சு ஒடைஞ்சிருச்சு என்று சொல்லியிருந்தால் இவன் நம்பியிருப்பான். நம்பிச் சிரித்து, அவளுக்குப் பார்த்து நடக்கத் தெரியாது மாப்ள என்று இவனே சேர்ந்து சொல்லியிருப்பான். ஏன் சொல்லவில்லை? அவள் பெயர் ஏன் அந்த வாயில் வரவில்லை? திருமூர்த்தி பாதி நிலாத் துண்டை எடுத்தான். அது விழுந்த ஏசி வாயைப் பார்த்தான், உடைந்த பட்டையைப் பார்த்தான், எண்ணெய்க் கை பதிந்த முன் சீட்டைப் பார்த்தான். அந்தச் சீட்டில் உட்கார்ந்திருப்பவளின் மணிக்கட்டை, ஸ்டியரிங் பக்கத்திலிருந்து ஒருவன் பிடித்து முன்னால் அறைந்தால் சரியாக அந்த வாயில்தான் போய் இடிக்கும். பாத்ரூமில் வழுக்கவில்லை. முழுக்கை ஜாக்கெட் பணக்காரத்தனம் இல்லை. அவள் பின் சீட்டில் ஏறியது முதலாளியம்மாவாக இல்லை. அந்த வண்டி வேண்டாமுங்ணா என்றாளே, வாயைத் திறந்து சொன்னாளே, இதைவிட ஒரு பெண் எப்படிச் சொல்லுவாள்? லாரிக்கு அடியில் கிடக்கிற மண்ணைக் கண்டுபிடிக்கிறவனுக்குக் கூடப்பிறந்தவளின் மணிக்கட்டு தெரியவில்லை. சத்தம் போடாதே, சத்தம் போடாதே என்று தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்திக் கத்தியே வளர்த்தது இவன்தான், அவளும் போடவில்லை. அழுகை வந்தது. பட்டறையில், அந்த ஆள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஒருக்கா ரேஸ் குடுங்க, பாத்தரலாம்" என்று சென்னியப்பன் பேப்பரைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினான். திருமூர்த்தி மிதித்தான். இஞ்சின் சீராக உறுமியது, ஏறியது, இறங்கியது. எந்த இடத்திலும் ஒன்றும் இல்லை. தனசேகர் வண்டிக்கு முன்னால் வந்து நின்று பானெட்டைத் தட்டிக்கொடுத்தான், மாட்டைத் தட்டுவதுபோல. "இஞ்சின் தங்கமுங்க மச்சான். சொன்னா நம்போணும்." பக்கிள் பம்பருக்கு நேராக இருந்தது. இடது கை கியரின் மேல் இருந்தது, இடது கால் கிளட்சின் மேல். முதல் கியர் போட்டுக் காலை எடுத்தால் போதும், ஓட்டுகிற கையைப் பொறுத்ததுதானே. அந்த நினைப்பு வந்தது, அது போகிற வரை அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். டேஷ்போர்டின் மேல் போன் நடுங்க ஆரம்பித்தது. எடுத்தான். "அண்ணா" என்றாள் ரேணுகா. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "சத்தம் எங்கிருந்து வருதுன்னு பாத்துட்டாங்களா?" "பாத்தாச்சு அம்மணி" என்றான். அந்த வீட்டுக் கூடத்தில் பையன் எதையோ உருட்டி விளையாடுகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு அவள் குரலை இறக்கி, "அவரு பக்கத்துல இருக்காருங்களா?" என்று கேட்டாள்.

"வெளிய நிக்கறாரு" என்றான் திருமூர்த்தி. பேப்பரைத் துண்டுகளோடு மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ரிவர்ஸ் கியர் போட்டு வண்டியைப் பின்னால் எடுத்தான். தனசேகரின் கை பானெட்டிலிருந்து நழுவி வெறும் காற்றில் நின்றது. "மச்சான்! மச்சான், எங்க போறீங்க? நானும் வரோணுமுல்ல!" என்று அவனும், "டப்பா மாட்டலீங்க!" என்று சென்னியப்பனும் கூப்பிட்டார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டான். டேஷ்போர்டில் டப்பா இருந்த இடம் ஓட்டையாகத் திறந்துகிடந்தது. "பையனுக்குச் சட்ட போட்டு ரெடியா இரு. நான் வந்துட்டே இருக்கறேன்" என்றான் போனில். "எங்கீங்ணா?" என்று கேட்டாள், கேட்கும்போதே அழுதாள். "நம்மூட்டுக்கு" என்றான். "முன்னால உக்கார வேண்டாம் அம்மணி. நீ பின்னாலயே உக்காந்துக்க, நான் ஓட்டறேன்."